உங்கள் குடும்பத்துக்கு முப்பது சென்ட் போதும்!

ஊரில் உங்கள் அப்பா விட்டுப்போன முப்பது சென்ட் புஞ்சை சும்மா கிடக்கிறது. சீமைக்கருவேல் மண்டிவிட்டது. பக்கத்துத் தோட்டத்து ஆடுகள் புகுந்து மேய்கின்றன. வருஷத்துக்கு ஒருமுறை குலசாமி கும்பிடப் போகிறபோது காரை ஓரங்கட்டி, கண்ணாடியை இறக்கி, "என்னைக்காவது இதுல ஒரு தோட்டம் போடணும்" என்று வீட்டம்மாவிடம் சொல்கிறீர்கள். அதோடு அடுத்த வருஷம்தான்.

என்றைக்கு ஐயா? பிள்ளைகள் படித்து முடித்த பிறகா? வீட்டுக் கடன் தீர்ந்த பிறகா? ரிட்டயர் ஆகி, முட்டி தேய்ந்து, குனியக்கூடாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்த பிறகா? அப்போது உங்கள் மகள் எந்த நாட்டில் இருப்பாளோ! மண்ணை அளைந்து விளையாடும் வயது அவளுக்கு இன்றைக்குத்தான். மண்ணைக் கொத்தும் தெம்பு உங்களுக்கு இன்றைக்குத்தான். எந்த விதையை எப்படி எடுத்து வைக்க வேண்டும் என்று சொல்லித்தர உங்கள் அம்மா இன்றைக்கு இருக்கிறார். இந்த மூன்று தலைமுறையும் தெம்போடு ஒரு வீட்டில் சேர்ந்திருப்பது மிஞ்சிப்போனால் பத்துப் பன்னிரண்டு வருஷம். அதில் எத்தனை வருஷத்தைக் கார்க் கண்ணாடி வழியாகவே கழித்துவிட்டீர்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

நிலம் கம்மி என்கிறீர்கள். முதலில் அந்தப் பயத்தை உதறுங்கள். முப்பது சென்ட் என்றால் 13,068 சதுர அடி. சென்னையில் ஒரு கிரவுண்டு, அதாவது 2,400 சதுர அடி மனை வைத்திருப்பவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடக்கிறார். உங்களிடம் ஐந்து கிரவுண்டுக்கு மேலே இருக்கிறது. அதைப் போய்க் கூச்சத்தோடு சொல்கிறீர்கள். 2015-16ஆம் ஆண்டு வேளாண் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஒரு விவசாயியின் சராசரி நிலமே 0.75 ஹெக்டேர்தான். இரண்டு ஏக்கர்கூட முழுதாக இல்லை. அந்தச் சராசரிக்கும் கீழே உள்ளவர்கள் லட்சக்கணக்கில் இருக்கிறார்கள். அதிலே விளைவித்துத்தான் பிள்ளைகளைப் படிக்க வைத்தார்கள், கல்யாணம் கட்டிக் கொடுத்தார்கள். மாதச் சம்பளம் வாங்கும் உங்களுக்கு அந்த நிலம் சோறு போட வேண்டிய கட்டாயம்கூட இல்லை. பிறகு எதற்கு நடுக்கம்?

சோவியத் காலத்து ரஷ்யாவில் நகரத்துத் தொழிலாளர் குடும்பங்களுக்குத் தோட்டம் போட்டுக்கொள்ள நிலம் ஒதுக்கினார்கள். வழக்கமான அளவு ஆறு சோத்கா. 600 சதுர மீட்டர். நம் கணக்கில் பதினைந்து சென்ட் வராது. வருஷத்தில் பாதி நாள் பனி மூடிக் கிடக்கும் பூமி அது. 1990களில் அந்த நாட்டுப் பொருளாதாரம் சரிந்து, மாதக்கணக்கில் சம்பளம் வராமல் ஜனங்கள் தவித்தபோது, ரஷ்யாவில் விளைந்த உருளைக்கிழங்கில் பெரும்பங்கு குடும்பங்கள் தங்கள் கையாலேயே பாடுபட்ட சின்னச் சின்ன நிலங்களிலிருந்துதான் வந்தது. அவர்கள் வைத்திருந்ததைப் போல இரண்டு மடங்கு உங்களிடம் இருக்கிறது. பன்னிரண்டு மாதமும் வெயில் வேறு.

நிலம் சின்னதாக இருப்பதுதான் உங்கள் பலம் என்று நான் அடித்துச் சொல்வேன். ஐந்து ஏக்கருக்கு டிராக்டர் வேண்டும், ஆள் வேண்டும், ஆளைக் கூட்டிவர வண்டி வேண்டும், எல்லாவற்றுக்கும் முன்பணம் வேண்டும். ஆள் வராத அன்றைக்கு ஐந்து ஏக்கர்க்காரர் தலையில் கைவைத்து உட்கார வேண்டியதுதான். முப்பது சென்ட்டை நாலு பேர் உள்ள குடும்பம் தன் எட்டுக் கையாலேயே திருத்திவிடும். எந்த மூலையில் எந்தக் கத்தரிக்கு வாட்டம், எந்த முருங்கையில் கம்பளிப்பூச்சி என்று வீட்டில் எல்லாருக்கும் தெரியும். யாரிடமும் கைகட்டி நிற்க வேண்டாம். இந்தத் தன்னிறைவின் ருசியை ஒருமுறை அறிந்துவிட்டால் ஆபீஸில் யார் முன்னாலும் உங்கள் முதுகு வளையாது. தன்னம்பிக்கை வகுப்புக்கு ஆயிரக்கணக்கில் பணம் கட்டுகிறவர்களை நான் அறிவேன். அந்தப் பணத்துக்குக் கடப்பாரையும் விதையும் வாங்கியிருந்தால் அவர்களுக்கு இன்னும் சீக்கிரம் தைரியம் வந்திருக்கும்.

முப்பது சென்ட்டையும் ஒரே நாளில் புரட்டிப்போட வேண்டாம். ஐந்து சென்ட்டில் தொடங்குங்கள். தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட உணவு வழிகாட்டி ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 400 கிராம் காய்கறி வேண்டும் என்கிறது. நாலு பேருக்கு ஒன்றரைக் கிலோவுக்குக் கொஞ்சம் மேலே. அதில் பாதியை முதல் வருஷம் உங்கள் ஐந்து சென்ட்டில் எடுத்தாலே மார் தட்டிக்கொள்ளலாம். சிறுகீரை விதைத்த இருபத்தைந்தாம் நாள் கையில் வரும். முள்ளங்கி நாற்பத்தைந்து நாள். வெண்டை அதற்குள் பூ எடுத்துக் காய்க்கத் தொடங்கிவிடும். பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி தந்த பி.கே.எம்-1 செடிமுருங்கை விதையை இன்றைக்கு ஊன்றினால் ஆறேழு மாதத்தில் சாம்பாரில் காய் மிதக்கும். வாழையும் பப்பாளியும் ஒரு வருஷத்துக்குள் பழம் தரும். எலுமிச்சைக்கும் தென்னைக்கும் வருஷக்கணக்கில் பொறுக்க வேண்டும். அதனால்தான் அவற்றை முதல் மழைக்கே நட்டுவிடச் சொல்கிறேன்.

"தண்ணி?" என்று கேட்பீர்கள். எங்கள் திண்டுக்கல் பக்கம் யாரைக் கேட்டாலும் முதல் கேள்வி இதுதான். சரி, கணக்குப் போடுவோம். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். முப்பது சென்ட் என்பது 1,214 சதுர மீட்டர். வருஷத்துக்கு 800 மில்லிமீட்டர் மழை என்று வைத்துக்கொண்டால் உங்கள் நிலத்தின் மேல் மட்டும் விழுவது 9.7 லட்சம் லிட்டர். 12,000 லிட்டர் லாரியில் கொண்டுவந்து இறக்கினால் எண்பது லாரி! அதைச் சரிவில் ஓடவிட்டு, ஓடையில் சேர்த்து, பிறகு தண்ணியில்லாக் காடு என்று நம் மண்ணை நாமே திட்டுகிறோம். எவ்வளவு பெரிய அநியாயம் இது! சுற்றி முழங்கால் உயரத்துக்கு வரப்புப் போடுங்கள். சரிவுக்குக் குறுக்கே காலடி அகலத்தில் வாய்க்கால் வெட்டுங்கள். மரக்கன்று வைக்கும் ஒவ்வொரு குழியையும் சுற்றி வட்டப்பாத்தி கட்டுங்கள். வெட்டிய களை, காய்ந்த இலை, கரும்புச் சோகை, தென்னை மட்டை என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் மூடாக்காகப் போட்டு மண்ணை மூடுங்கள். நிலத்தில் 300 சதுர அடிக்கு ஒரு தகரக் கொட்டகை போட்டால் அதன் கூரையிலிருந்து மட்டும் வருஷத்துக்கு 22,000 லிட்டர் பிடிக்கலாம். கோடைக்கு அது முழுக்க ஈடாகாது, உண்மைதான். சித்திரையில் கீரைப் பாத்தியைக் காயப்போட்டுவிட்டு மரங்களை மட்டும் காப்பாற்றுங்கள். பக்கத்துக் கிணற்றுக்காரரிடம் வாரத்துக்கு ஒருமுறை தண்ணி கேட்டு வாங்குங்கள். பதிலுக்கு அவர் வீட்டுக்கு முருங்கைக்காய் போகட்டும்.

கரூர் மாவட்டம் கடவூர்ப் பக்கம் போனவர்களுக்குத் தெரியும், அது எப்படிப்பட்ட வறண்ட பூமி என்று. அங்கேதான் இயற்கை விவசாயத்துக்குக் குரல் கொடுத்த நம்மாழ்வார் ஐயா வானகம் என்ற பண்ணையை உண்டாக்கினார். கோவில்பட்டியில் அரசாங்க ஆராய்ச்சிப் பண்ணை வேலையை 1969இல் உதறிவிட்டு வந்த மனிதர் அவர். மானாவாரி விவசாயிக்கு அந்த ஆராய்ச்சி பயன்படாது என்று மனசு சொன்னதும் சம்பளத்தைத் தூக்கி எறிந்தார். எழுபது வயதைத் தொட்ட பிறகு, நல்ல மண் எங்கே கிடைக்கும் என்று தேடாமல், கடவூரின் காய்ந்த மண்ணைத் தேர்ந்தெடுத்து மரம் வளர்த்துக் காட்டினார். 2013 டிசம்பரில் அவர் கண்மூடினார். அந்த மரங்கள் இன்றைக்கும் நிற்கின்றன. உங்கள் நிலம் அதைவிட மோசமா?

மண் செத்துக் கிடக்கிறது என்று சொல்லாதீர்கள். பட்டினியாகக் கிடக்கிறது. முதல் மழைக்குச் சோளம், கம்பு, தட்டை, உளுந்து, கொள்ளு, எள், ஆமணக்கு, சணப்பு, தக்கைப்பூண்டு என்று கிடைத்த விதையை எல்லாம் கலந்து வீசுங்கள். பலதானிய விதைப்பு என்பார்கள். பூவெடுக்கும் பருவத்தில், ஐம்பது அறுபது நாளில், அப்படியே வெட்டி மடக்கி மண்ணுக்குக் கொடுத்துவிடுங்கள். அந்த விளைச்சலில் ஒரு மணிகூட உங்களுக்குக் கிடையாது, எல்லாம் மண்ணுக்கே. பிறகு அமிர்தக் கரைசல். ஒரு ஏக்கருக்கு 10 கிலோ பசுஞ்சாணம், 10 லிட்டர் மாட்டுக் கோமியம், கால் கிலோ வெல்லம், 200 லிட்டர் தண்ணீர். ஒரு நாள் ஊற வைத்துப் பாசனத்தோடு விட வேண்டும். ஐந்து சென்ட்காரருக்கு அதில் பத்தில் ஒரு பங்கே தாராளம்: ஒரு கிலோ சாணம், ஒரு லிட்டர் கோமியம், ஒரு துண்டு வெல்லம், ஒரு பெரிய வாளி. இதற்கா பயந்தீர்கள்?

வேலி விஷயத்தில் மட்டும் அவசரப்பட வேண்டும். ஆடு ஒருநாள் உள்ளே வந்தால் உங்கள் ஒரு மாத உழைப்பு காலி. கம்பி வேலிக்குக் கையில் பணமில்லை என்றால் கிளுவை இருக்கிறதே! மழைக்காலத்தில் கிளுவைப் போத்தை ஒரு சாண் இடைவெளியில் நெருக்கி ஊன்றினால் அதுவே வளர்ந்து முள்வேலியாகிவிடும். கோடையில் அதன் தழையை ஆட்டுக்கும் ஒடித்துப் போடலாம். காங்கேயம் பக்கத்துக் கொறங்காடு என்னும் மேய்ச்சல் நிலங்களை இந்தக் கிளுவைதான் தலைமுறை தலைமுறையாகக் காத்து நிற்கிறது. மயிலுக்கு இந்த வேலி பத்தாது, ஒப்புக்கொள்கிறேன். விதைத்ததைக் கிளறும், நாற்றைக் கொத்தும். விரட்டலாமே தவிர அதன்மேல் கைவைக்கச் சட்டம் இடம்தராது. பாத்திமேல் பழைய மீன்வலையைக் கட்டுங்கள்.

இனிக் கோழிக்கு வருகிறேன். இந்த இடத்தில் கொஞ்சம் நின்று சொல்ல ஆசை. ஏனென்றால் ஒரு வீட்டுப் பிள்ளையைக் கைபேசியிலிருந்து தோட்டத்துக்கு இழுத்து வரும் சக்தி கீரைப் பாத்திக்குக் கிடையாது, கோழிக்கு உண்டு. எங்கள் பக்கம் என்றால் வியாழக்கிழமை விடியுமுன் அய்யலூர்ச் சந்தைக்குப் போங்கள். டார்ச் அடித்து, கண்ணைப் பார்த்து, மூக்கில் சளி இருக்கிறதா, பின்பக்கம் கழிச்சல் ஒட்டியிருக்கிறதா என்று பார்த்து, ஐந்து சிறுவிடைப் பெட்டையும் ஒரு சேவலும் வாங்குங்கள். பார்க்கத் தெரியாதென்றால் தெரிந்த ஒரு பாட்டியை அழைத்துப் போங்கள். சந்தையிலிருந்து வந்ததை ஒரு வாரம் தனியே அடைத்துவைத்து, நோயில்லை என்று தெரிந்த பிறகு வெளியே விடுங்கள்.

ஒரு பெட்டை பத்துப் பதினைந்து முட்டையிட்டுவிட்டு அடைக்கு வரும். குரல் மாறும். கொக் கொக் என்று அடித்தொண்டையில் முனகிக்கொண்டு, கிட்டே போனால் இறகைச் சிலிர்த்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்துவிடும். ஒரு பழைய மண்சட்டியில் பாதிக்கு மணலும் சாம்பலும் கொட்டி, மேலே வைக்கோல் பரப்பி, பேன் பிடிக்காமலிருக்க ஒரு கொத்து வேப்பிலையும் வைத்து, பதினோரு முட்டையை அடுக்குங்கள். எங்கள் வீடுகளில் ஒரு கரித்துண்டும் வரமிளகாயும் இரும்பு ஆணியும் கூடவே வைப்பார்கள். இடி இடித்தால் முட்டை கெடாது என்பது பாட்டிமார் நம்பிக்கை. வைத்தால் நட்டமில்லை, பாட்டி மனசு குளிரும். ஏழாம் நாள் இரவு விளக்கையெல்லாம் அணைத்துவிட்டு, மகளின் கையில் டார்ச்சைக் கொடுத்து, முட்டையை அதன் வாயில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். உள்ளே சிலந்தி வலை போலச் சிவப்பு நரம்பு ஓடும். நடுவே ஒரு கரும்புள்ளி துடிக்கும். கரு கூடாத முட்டை வெளிச்சத்துக்குத் தெளிவாகத் தெரியும், அதை எடுத்துவிடலாம். உயிரியல் பாடத்தில் நூற்றுக்கு நூறு வாங்கும் பிள்ளைகளில் எத்தனை பேர் இதைக் கண்ணால் பார்த்திருப்பார்கள்?

இருபத்தோராம் நாள் ஓடு விரியும். குஞ்சுக்குக் கடைத்தீவனம் தேடி அலைய வேண்டாம். முந்தின நாள் சாயங்காலமே ஒரு மண்பானையில் கிழிந்த சாக்கு, காய்ந்த சாணம், ஓலைக்குப்பை எல்லாவற்றையும் திணித்து, தண்ணீர் தெளித்து, கரையான் நடமாட்டமுள்ள இடமாகப் பார்த்துக் கவிழ்த்து வையுங்கள். காலையில் நிமிர்த்தினால் பானை நிறையக் கரையான். குஞ்சுகள் முன்னால் தட்டிவிட்டால் அவை பறந்து பறந்து பொறுக்குகிற வேகத்தைப் பார்க்க ஊரே கூடிவிடும். காசில்லாமல் கிடைக்கும் புரதம் இது. நம் கிராமத்துப் பெண்கள் கண்டுபிடித்த தொழில்நுட்பம். யாரும் அவர்களுக்குப் பட்டம் கொடுக்கவில்லை.

வெள்ளைக்கழிச்சல் வந்தால் இரண்டே நாளில் கூண்டு காலியாகிவிடும். அதற்குப் பிறகு மருந்து தேடிப் பயனில்லை. முன்கூட்டியே தடுப்பு மருந்து போட வேண்டும். குஞ்சு பொரித்த ஏழாம் நாள் கண்ணில் ஒரு சொட்டு, எட்டாம் வாரம் இறக்கையில் ஒரு ஊசி. கால்நடைத் துறை ஆண்டுதோறும் பிப்ரவரியில் இலவச முகாமும் நடத்துகிறது. இரவில் கீரியும் காட்டுப்பூனையும் வரும் என்பதால் கூண்டைத் தரையிலிருந்து இரண்டடி உயர்த்திக் கட்டுங்கள். நிலத்திலிருந்து ஐம்பது கிலோமீட்டர் தள்ளிக் குடியிருப்பவர்கள், தினமும் திறந்து அடைக்க அங்கே ஆளில்லாதவர்கள், தயவுசெய்து கோழியைத் தொடாதீர்கள். உயிரைப் பட்டினி போட்டு நாம் பொழுதுபோக்கக் கூடாது. உங்களுக்கு மரமும் முருங்கையும் போதும். மாட்டையும் முதல் வருஷம் எல்லாரும் தள்ளிப் போடுங்கள். ஒரு கறவை மாட்டுக்கு நாளைக்கு இருபத்தைந்து கிலோ பசுந்தீவனம் வேண்டும். அதை விளைவிக்கத் தெரிந்த பிறகு மாட்டின் கயிற்றைக் கையில் பிடிக்கலாம். அதுவரை சாணம் பக்கத்து வீட்டிலேயே கிடைக்கும்.

ஒன்றை அழுத்தமாகச் சொல்கிறேன், ஆண்கள் காது கொடுத்துக் கேளுங்கள். குடும்பத் தோட்டம் என்று பெயர் வைத்துவிட்டு, நீங்கள் வரப்பில் நின்று படமெடுக்க, களையெடுப்பதும் கூண்டு கழுவுவதும் விளைந்ததைச் சமைப்பதும் மனைவி தலையில் விழுந்தால் அந்தத் தோட்டம் நிலைக்காது. நிலைக்கவும் கூடாது. வேலையைப் பங்கு பிரியுங்கள். என்ன நடுவது என்பதில் அவர் சொல்லுக்குப் பாதி உரிமை. புதிதாக நிலம் வாங்குவதாக இருந்தால் அவர் பேரில் வாங்குங்கள். பெண்கள் பேரில் பதியும் 10 லட்சம் ரூபாய் வரையிலான சொத்துக்கு 2025 ஏப்ரல் முதல் தமிழ்நாட்டில் பதிவுக் கட்டணம் ஒரு சதவீதம் குறைவு. வாங்கும் முன் பட்டா, வில்லங்கச் சான்று, எஃப்.எம்.பி. என்னும் நில அளவை வரைபடம் மூன்றையும் பாருங்கள். பாதை உரிமையும் கிணற்றுப் பங்கும் பத்திரத்தில் எழுதியிருக்கிறதா என்று வரிவரியாகப் படியுங்கள். வாய்வார்த்தையாகச் சொன்ன பாதை, சொன்னவர் மகன் காலத்தில் மூடப்படும்.

உங்கள் அம்மாவைச் சும்மா உட்கார வைக்காதீர்கள். அவர் ஒரு களஞ்சியம். முற்றிய சுரைக்காயை அடுப்பு மேலே புகையில் தொங்கவிட்டு விதைக்கு வைப்பார். பூசணி விதையைப் பசுஞ்சாணத்தில் பதித்து வரட்டியாகத் தட்டிச் சுவரில் அப்பி வைப்பார். அடுத்த ஆடியில் வரட்டியை உடைத்து அப்படியே ஊன்றினால் முளைக்கும். அவரைக்கு அடுப்புச் சாம்பல் கலப்பார். இந்த அறிவை எந்தக் கல்லூரியிலும் சேர்ந்து படிக்க முடியாது, இவரிடம் கேட்டுத்தான் ஆக வேண்டும். பேத்தியை ஒரு நோட்டோடு பக்கத்தில் உட்காரவையுங்கள். மேட்டுப்பாளையம் தேக்கம்பட்டியில் பாப்பம்மாள் பாட்டி நூறு வயதைத் தாண்டிய பிறகும் தன் இரண்டரை ஏக்கரில் இறங்கி வேலை செய்தார். ஊரில் சின்ன மளிகைக் கடை நடத்திச் சேர்த்த காசில் நிலம் வாங்கியவர். 2021இல் நாடு அவருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தது. அந்த வயதில் அவர் மண்ணுக்குள் இறங்கினார். நாற்பது வயதில் நீங்கள் இடுப்பு வலி என்கிறீர்கள்!

சிரிப்பார்கள். தயாராக இருங்கள். "ஏன் மாப்ளே, கம்ப்யூட்டர்ல வேலை பாக்குற உனக்கு எதுக்கு இந்தச் சாணி நாத்தம்?" என்று மச்சான் கேட்பார். "ஒரு கிலோ தக்காளி முப்பது ரூபா, நீ செலவழிச்சதைப் பார்த்தா கிலோ முந்நூறு ஆகுது" என்று கல்யாண வீட்டில் நாலு பேர் முன்னால் கணக்குப் போடுவார்கள். போடட்டும். அந்தக் கணக்கில் உங்கள் மகன் தானே பறித்த தக்காளியை அரைக்கால் சட்டையில் துடைத்துக் கடித்தது வராது. அடுத்த தடவை அதே மச்சான் வீட்டுக்கு வரும்போது நாட்டுக்கோழி முட்டையும் முருங்கைக் கீரையும் பையில் போட்டுக் கொடுங்கள். மூன்றாவது தடவை அவரே கேட்டு வாங்குவார். நாலாவது தடவை தன் நிலத்துக்கு உங்களைக் கூப்பிடுவார்.

ஆனால் அதே வாய்கள் வேறொரு யோசனையும் சொல்லும்: பெருசா பண்ணு, கடன் வாங்கு, காசு பாரு. அங்கே உஷாராக இருங்கள். ஈமு கோழி என்று கொங்கு நாட்டில் எத்தனை குடும்பங்கள் நகையை அடகு வைத்துப் பணத்தைக் கொட்டின! 2012இல் அந்தக் கனவு நொறுங்கியபோது தீவனம் போட வழியில்லாமல் பறவைகள் பட்டினியில் செத்தன, போட்ட பணம் திரும்பவில்லை. விளம்பரத்தைப் பார்த்துப் பண்ணை போடாதீர்கள். இந்தத் தோட்டத்துக்காக வட்டிக்கு ஒரு ரூபாய்கூட வாங்காதீர்கள். மாதச் சம்பளத்தில் வலிக்காமல் எவ்வளவு எடுக்க முடியுமோ அவ்வளவுதான் இதன் முதலீடு. பிடித்துச் செய்கிற காரியத்தைக் கந்துவட்டிக்காரர் கையில் கொடுத்தால் அதில் பிடித்தம் என்ன மிஞ்சும்?

தெரியாதே என்று ஒதுங்கவும் வேண்டாம். இந்தியாவின் முதல் வேளாண் அறிவியல் நிலையம் 1974இல் புதுச்சேரியில் தொடங்கப்பட்டது. இன்றைக்குப் பெரும்பாலான மாவட்டங்களில் ஒன்று இருக்கிறது. எங்கள் மாவட்டத்துக்குக் காந்திகிராமத்தில் இருக்கிறது. நாட்டுக்கோழி, தேனீ, மண்புழு உரம் என்று அங்கே பயிற்சி தருகிறார்கள். தயங்காமல் உள்ளே நுழைந்து கேளுங்கள். நம் வரிப்பணத்தில் நடக்கும் இடம் அது. அதைவிடப் பெரிய பள்ளிக்கூடம் பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர். அவருக்கு வணக்கம் சொல்லி, இந்த மண்ணுக்கு எது வரும் ஐயா என்று கேட்டுப் பாருங்கள். யாராவது கேட்க மாட்டார்களா என்றுதான் அவர் இத்தனை வருஷமாக உட்கார்ந்திருக்கிறார்.

ஆடிப்பட்டத்துக்கு நிலம் தயாராக வேண்டும் என்றால் வேலை இந்த ஞாயிற்றுக்கிழமையே தொடங்க வேண்டும். வெயிலுக்கு முன் ஆறு மணிக்கெல்லாம் நிலத்தில் நில்லுங்கள், குடும்பம் முழுக்க. இரண்டடி அகலம், இரண்டடி ஆழத்தில் ஒரு குழி வெட்டி, தண்ணீரை நிரப்பிவிட்டு நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு மணி நேரத்தில் வடிந்துவிட்டால் உங்கள் மண்ணுக்கு எருவும் மூடாக்கும் நிறைய வேண்டும். சாயங்காலம் வரை நின்றால் மேட்டுப்பாத்தி போட வேண்டிய மண். தண்ணீர் வடிவதற்குள் நிலத்தில் பத்து இடத்தில் ஆங்கில வி போலக் குழி பறித்து, ஆறங்குல ஆழத்துக்குப் பக்கவாட்டில் மண்ணைச் சுரண்டி எடுங்கள். எல்லாவற்றையும் ஒரு சாக்கில் கொட்டிக் கலந்து, நாலாகப் பிரித்து, எதிரெதிர்ப் பங்கைத் தள்ளிக்கொண்டே வந்து கடைசியில் அரைக் கிலோவைத் துணிப்பையில் கட்டுங்கள். பைக்குள் பெயர், சர்வே நம்பர், என்ன பயிர் வைக்கப் போகிறீர்கள் என்று எழுதிய சீட்டு இருக்கட்டும், மகள் எழுதட்டும். திங்கட்கிழமை அரை நாள் லீவு போட்டு, அதை மண் பரிசோதனை நிலையத்தில் கொடுத்துவிட்டு வாருங்கள்.